உள்ளே இருந்தவருக்கு நான் போட்ட கட்டளைகள்

நூல் சோதனைக் கூடத்தில் வேலை என்றால் நூலோடு மல்லுக்கட்டுவது என்று நினைப்பீர்கள். நான் மல்லுக்கட்டியதெல்லாம் மேஜைமேல் இருந்த ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியோடுதான்.

எழுபதுகளின் பிற்பாதி. திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த சமயம். கோன் கோனாக நூலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இது தாங்குமா தாங்காதா, கையோட சொல்லுங்க" என்று முன்னறை பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். சோதிக்கும் மெசின்கள் ஐந்தும் உள்ளறையில் இருந்தன. பருத்தி நூல் ஒரு ரோஷக்காரி. காற்றில் ஈரம் இருந்தால் ஒரு பலம் காட்டும், காய்ந்தால் வேறொரு பலம் காட்டும். அதனால் உள்ளறையில் ஈரமும் சூடும் எப்போதும் ஒரே அளவில் இருக்க வேண்டும். யாராவது கதவைத் திறந்து தொலைத்தால் அன்றைக்கு எடுத்த அளவெல்லாம் குப்பைக்குத்தான். காலையில் உள்ளே போகிறவர் மத்தியானச் சோற்றுக்குத்தான் வெளியே வருவார். வருகிற நூலைச் சுவரில் இருந்த இரட்டைக் கதவுப் பொந்து வழியாக உள்ளே தள்ளிவிடுவோம். வெளியே மேஜையில் நான். நடுவில் ஒரு கம்பி, பொத்தானை அமுக்கிப் பேச ஆளுக்கொரு பெட்டி.

உள்ளே இருந்தவர் என் கணவர். ஒரே இடத்தில் வேலை, ஒரே வீட்டில் குடித்தனம், இருந்தும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசக் கிடைக்காமல் தவித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், இப்படி வந்து பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

மரியாதைக்கு இடமில்லை

உள்ளறையில் ஈரக்காற்று ஊதுகிற மெசின் ஒன்று நாள் பூராவும் இரையும். அந்த இரைச்சலில் நம் ஊர்ப் பேச்சு எடுபடாது. நான் சேர்ந்த புதிதில், "ஏனுங்க, அந்த ரெண்டாவது மெசின் இருக்குதுங்கள்ல, அதுல இந்த நூலைச் சித்த இழுத்துப் பாத்துச் சொல்றீங்களா" என்று பெட்டியில் பாடுவேன். உள்ளே போய்ச் சேர்வது முதலில் உள்ள ஏனுங்கவும் கடைசியில் உள்ள சொல்றீங்களாவும்தான். ஒருநாள் முறுக்கு மட்டும் பார்க்க வேண்டிய நூலை உள்ளே இழுத்து அறுத்துவிட்டார்கள். வந்திருந்ததே அந்த ஒரு துண்டுதான். முதலாளிக்குக் கோபம் வந்து சட்டம் போட்டுவிட்டார். முதலில் மெசின் எண், அடுத்து செய்ய வேண்டிய வேலை, அடுத்து எத்தனை முறை. ஒவ்வொன்றும் ஒரே சொல். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி. உள்ளே இருப்பவர் எண்ணைத் திருப்பிச் சொல்லி, செய்ததையும் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் கட்டளை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். "ரெண்டு. ஓட்டு. பத்து." "ரெண்டு. ஓட்டியாச்சு." "ரெண்டு. படி." "ரெண்டு. நாப்பத்தொண்ணு." படி என்றால் மெசின் முள் காட்டுகிற அளவைப் படித்துச் சொல் என்று அர்த்தம். முடிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் இதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. உள்ளே யாரோ ஒருவர், வெளியே நான், இது வேலை. பிறகு உள்ளே இருந்த அந்த ஒருவருக்கே என்னைக் கேட்டு முதலாளியே தூது போய், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்துவிட்டார்கள். தாலி ஏறி மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள், பெஞ்சில் ஏழெட்டுப் பேர். பொத்தானை அமுக்கினேன். "ரெண்டு. ஓட்டு" வரைக்கும் வந்துவிட்டு நாக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு தானாக ஒரு "ங்க" வந்து விழுந்தது. முதலாளி தொண்டையைச் செருமினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சொன்னேன், "ரெண்டு. ஓட்டு. பத்து." பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். மங்கலத்தில் இருந்து வந்திருந்த தறிக்காரர் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனுங்கம்மிணி, ஆபீஸ்லயே ஊட்டுக்காரரை இந்த வெரட்டு வெரட்டறீங்களே, ஊட்டுல அந்த மனுசன் என்ன பாடு படறாரோ?"

முதுகு

வீட்டில் என்ன பாடு என்று அந்தத் தறிக்காரர் வந்து பார்த்திருக்க வேண்டும். திருப்பூரை ஒட்டிய மண்ணரை என்கிற ஊரில் எங்கள் வீடு, நீளமாக ஒரே கூடம். மாமனார், மாமியார், அவருக்கு அண்ணன்மாரான இரண்டு மூத்தார்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள். புதுப் பெண் புருஷனோடு நின்று பேசினால் மாமியார் இருமுவார். அந்த இருமலுக்கு மருந்தே கிடையாது, நாங்கள் விலகி நின்றால் தானாக நின்றுவிடும். வேலைக்குக் கிளம்பும்போது அவர் சைக்கிளில் போவார், நான் அக்கம்பக்கத்துப் பெண்களோடு டவுன் பஸ்ஸில் போவேன். பின்னால் ஏறி உட்காரலாமே என்று கேட்காதீர்கள். மண்ணரை முழுக்க எங்களுக்கு உறவுக்காரர்கள்.

சோதனைக் கூடத்திலாவது பார்க்கலாம் என்றால், கதவில் கையகலம் ஒரு கண்ணாடி. மெசின்களெல்லாம் எதிர்ச்சுவர் ஓரமாக இருந்ததால் எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான். முகத்தைவிட அந்த முதுகு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. அசந்துபோனால் இடது தோள் இறங்கிவிடும். வீட்டில் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் கழுத்து உள்ளே போய்விடும். நல்லபடியாக இருந்தால் குதிகாலை லேசாகத் தூக்கித் தூக்கி நிற்பார். மத்தியானம் ஆண்கள் பின்கட்டில் சாப்பிடுவார்கள், நாங்கள் முன்னறையில். எங்களோடு தட்டச்சு வேலை பார்த்த கமலத்துக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஒருநாள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள், "உங்க ரெண்டு பேரையும் பாத்தா, பொண்ணு பாக்க வந்துட்டு இன்னும் முடிவு சொல்லாத மாதிரியே இருக்குதுங்கக்கா."

இல்லாத மெசின்

ஒரு சாயங்காலம் பெஞ்சு காலி. முதலாளி வங்கிக்குப் போயிருந்தார். என்ன புகுந்ததோ தெரியவில்லை, பொத்தானை அமுக்கி, "ஆறு. படி" என்றேன்.

எங்களிடம் இருந்தது ஐந்துதான். அப்படி ஒன்று இல்லையே என்று அவர் சொல்லப்போகிறார், நான் அசடு வழியப்போகிறேன் என்று காத்திருந்தேன். முதுகு அசையவில்லை. பிறகு பெட்டியில் குரல் வந்தது, "ஆறு. மூணு." என்ன மூணு, எதில் மூணு, நாங்கள் ஒருநாளும் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஆனால் முந்தின நாள் பெரிய மூத்தார் எல்லார் முன்னாலும் அவரைக் கடிந்து பேசியது எனக்குத் தெரியும். அவர் மனசு பத்துக்கு மூணு. சரியான அளவு என்றுதான் பட்டது. மறுநாள் விடியக்காலை யாருக்கும் தெரியாமல் அவர் டிபன் பாக்ஸில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் இரண்டு வைத்தேன். அன்றைக்கு "ஆறு. ஏழு" என்று வந்தது.

அதற்குப் பிறகு தினம் ஒருமுறை. ஒருநாள் அவர் சட்டத்தை மீறிவிட்டார். உள்ளே இருப்பவர் கேள்வி கேட்கக் கூடாது. அவர் கேட்டார், "ஆறு. படி." என்னைக் கேட்கிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஆறு. ரெண்டு" என்றேன். அந்த முதுகு திரும்பியது. ஈரமும் வியர்வையுமாக முகம், கண்ணாடிக்கு அந்தப்பக்கம், என்னையே பார்த்துக்கொண்டு. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட மாட்டேனா என்று ஏங்கினேன். எதற்கு மறைக்க வேண்டும், தாலி கட்டின புருஷனுக்காகத்தான் ஏங்கினேன். திறந்தால் எட்டுப் பேருடைய நூல் பாழாகிவிடும். திறக்கவில்லை. பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த கமலம் நிமிர்ந்து பார்த்தாள். "இருக்கிற அஞ்சு மெசினையே தொடைக்க ஆளைக் காணோம், ஆறாவது எப்பங்கக்கா வந்துச்சு?"

ராவுத்தர் கேட்ட நியாயம்

எங்கள் வாடிக்கைக்காரர்களில் ராவுத்தர் ஒருவர். பனியன் துணி வியாபாரம். காது கூர்மை, நியாயம் அதைவிடக் கூர்மை. தனக்கு முன்னால் வந்தவருடைய நூலுக்கு என்னென்ன அளந்தோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார். அவருக்கு முன்னால் இருந்தவரின் நூல் முடிகிற நேரத்தில் நான் வழக்கம்போல "ஆறு. படி" கேட்டுவிட்டேன். ராவுத்தரின் முறை வந்தது. ஐந்திலும் அளந்து, கணக்குப் போட்டு, முடிந்தது என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஆறாவதுல போட்டுப் பாக்கலியேங்க. அவருக்குப் போட்டீங்கள்ல?" என்றார். அது நூலுக்கு இல்லை பாய் என்று இழுத்தேன். பின்னே எதற்கு என்றார். எதற்கு என்று சொல்வேன்? பெஞ்சு பூராவும் என்னைப் பார்த்தது. சிலர், எங்களுக்கும் போட்டதில்லையே என்று முனக ஆரம்பித்தார்கள். வேறு வழி தெரியாமல் பொத்தானைத் தேடினால், பதற்றத்தில் என் கை முதலில் இருந்தே அதை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது. "ஆறு. படி." உள்ளே அவர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குரலில் சிரிப்பை அடக்குவது எனக்கு மட்டும் தெரிந்தது. "ஆறு. ஒம்பது." ராவுத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஒம்பதா! அப்பிடிச் சொல்லுங்க. நம்ம நூலுல ஏதோ ஒரு வெசேசம் இருக்குதுன்னு எனக்கு மொதல்லயே தெரியுமுங்க."

பந்தியில்

ஆடிட்டர் வருவதற்குள் தேங்கிக் கிடந்த நூலையெல்லாம் முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வாரமாகக் காலையில் இருந்து இருட்டும்வரை விடாமல் சோதனை. வாயைத் திறந்தால் எண்தான் வரும். அன்றைக்கு வீட்டில் வெளியூர் உறவினர்களும் வந்திருந்தார்கள். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் வரிசையில் மூன்றாவது. தண்ணீர்ச் செம்பு அவருக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்கு ஒரு கையில் சாதம், ஒரு கையில் ரசம், காதில் இன்னும் அந்த இரைச்சல். "மூணு. எடு. செம்பு" என்றேன்.

அவராவது சுதாரித்திருக்கலாம். சோற்றில் இருந்து நிமிராமல் இடது கையால் செம்பை எடுத்து நீட்டி, "மூணு. எடுத்தாச்சு" என்றார், அதுவும் பெட்டியில் பேசுகிற குரலில். வெளியூரில் இருந்து வந்திருந்த பெரிய மூத்தாரின் மாமனார் கையில் பிசைந்த சோறு வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. நான் ரசத்தை இறக்கி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்ச் சுவரோடு நின்றுகொண்டேன். செத்துப்போகலாம் போல இருந்தது. மாமியார் கத்தவில்லை. எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவும்வரை பொறுத்திருந்தார். பிறகு கூடத்துக்கு நடுவே நின்று சொன்னார், "புருசனுக்கு நம்பர் போட்டுக் கூப்படற கூத்து இந்த ஊட்டுல வேண்டாம் கண்ணு. தனியாப் போயி, ஒருத்தருக்கொருத்தரு ஆசை தீர நம்பர் போட்டுக் கூப்பிட்டுக்கங்க."

உள்தாழ்ப்பாள்

சாபம் என்று நினைத்துக் கொடுத்தார், எங்களுக்கு வரமாகிவிட்டது. வீரபாண்டியில் ஓர் அறையும் சமையலறையுமாக வாடகை வீடு கிடைத்தது. வீடு பார்க்கப் போனபோது அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். நான் பார்த்தது கதவின் உள்பக்கத்தை. தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். இனி இருமலுக்குப் பயப்படாமல், எண் இல்லாமல், இரைச்சல் இல்லாமல் பேசலாம் என்று அன்று இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

குடிபோன வாரமே சோதனைக் கூடத்துக்கு வெளிநாட்டு மெசின் வந்து இறங்கியது. ஐந்து மெசின் வேலையையும் அது ஒன்றே செய்யும். காலையில் ஒருவர் போய் நூலை மாட்டிவிட்டு வந்தால் போதும். வெளியே என் மேஜையில் தட்டச்சுப் பலகை மாதிரி ஒன்று. கட்டளையை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அதே வரிசைதான், எந்தப் பகுதி, என்ன வேலை, எத்தனை முறை. மூச்சு இடைவெளிக்குப் பதில் காற்புள்ளி. அளவு வேண்டுமென்றால் கடைசியில் கேள்விக்குறி போட வேண்டும். போடாவிட்டால் எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே ஆள் தேவையில்லை என்று ஆகிவிட்டது. முதலாளி பம்பாயில் ஓர் அலுவலகம் திறந்திருந்தார், சோதனை தெரிந்த ஆள் அங்கே வேண்டும் என்றார். கல்யாணத்தையே நடத்தி வைத்த மனிதர் கேட்கும்போது இவருக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தார். ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறிப் போய்விட்டார்.

தாழ்ப்பாள் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தது நான் மட்டும்தான். மண்ணரைக்கே திரும்பி வரச்சொல்லி மாமியார் ஆள் அனுப்பினார். பக்கத்து வீட்டம்மா துணைக்கு இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். இவர் பம்பாயில் இருந்து வந்தால் இங்கேதானே வருவார். பகலில் அந்தப் பலகையைத் தட்டினேன். பிசகில்லாமல் அளவு சொன்னது. அசதி இல்லை, குதிகால் இல்லை, கழுத்து இல்லை. ஒருநாள் மனசு கேட்காமல் ஆறு என்று அடித்து, காற்புள்ளி வைத்து, கேள்விக்குறியும் போட்டேன். சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டது. மெசினைப் பொருத்த வந்திருந்த மெட்ராஸ் என்ஜினீயர் ஓடிவந்து பார்த்தார். "மேடம், இதுல இருக்கிறது அஞ்சுதான். இல்லாததைக் கேட்டா, பாவம், அது என்ன சொல்லும்?"

டிரங்கால்

பம்பாயில் இருந்து டிரங்கால், மூன்று நிமிஷக் கணக்கில் பதிவு செய்து பேசுகிற வெளியூர் போன், முதலாளிக்கு வியாபார விஷயமாகத்தான் வரும். பேசி முடித்துவிட்டு நேரம் மிச்சமிருந்தால் என்னிடம் கொடுப்பார். முழு ஆபீசும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கும். கம்பியில் ஒரே இரைச்சல். "நல்லா இருக்கீங்களா, சாப்பாடு ஒத்துக்குதுங்களா, எப்பங்க வர்றீங்க" என்று நான் கேட்க, அந்தப்பக்கம் "ஆ? ஆ?" என்று அவர் கத்த, நேரம் முடிந்துவிடும். பங்குனியில் போனவர். சித்திரை போய், வைகாசி போய், ஆடிக்காற்றும் அடிக்க ஆரம்பித்துவிட்டது. முதலாளி திரும்பி வரச்சொல்லிக் கூப்பிடட்டும் என்று அவர் இருந்தார். அவராகக் கேட்கட்டும் என்று முதலாளி இருந்தார். நடுவில் நான் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்றைக்கும் போன் என் கைக்கு வந்தது. அன்றைக்கும் "ஏனுங்க" என்று ஆரம்பித்தேன். "ஆ? ஆ?" சட்டென்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முதலாளி எதிரில் இருந்தார், பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள், எதுவும் என் கண்ணில் படவில்லை. பொத்தானை அமுக்குகிற மாதிரி நிமிர்ந்து நின்றேன். "பம்பாய். விடு. வா." அவர் வாயைத் திறந்த மாதிரி ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அதோடு லைன் அறுந்துபோனது. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். முதலாளி பேனாவை மூடினார். "ஏனுங்கம்மிணி, அந்தாளுக்குச் சம்பளம் குடுக்கறவன் எதுத்தாப்புலதானுங்க உக்காந்திருக்கறேன்."

திருப்பிச் சொல்லாத கட்டளை

முதலாளி பேனாவை மறுபடி திறந்து கணக்கில் குனிந்துகொண்டார். எனக்கு அதைப்பற்றிக் கவலையும் இல்லை. பம்பாயில் இருந்தவர் காதில் விழுந்ததா இல்லையா என்பதுதான் ஒரே கவலை. எங்கள் தொழிலில் திருப்பிச் சொல்லாத கட்டளை போய்ச் சேராத கட்டளை. வீட்டில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து திறப்பேன், யாரோ போவார்கள், மறுபடி போடுவேன். காதில் விழுந்தும் வராமல் இருக்கிறாரோ என்று ஒரு நினைப்பு வரும். அதைவிட, விழவே இல்லை என்றிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஒரு முற்பகல், நல்ல கூட்டம். நான் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் பேச்சு நின்றதால் நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் அவர். தோளில் டிரங்குப் பெட்டி, முகமெல்லாம் ரயில் கரி, இளைத்துக் கறுத்துப் போயிருந்தார். முதலாளிக்கு ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. என்னைப் பார்த்து, அந்த ஈரக்காற்று மெசின் இன்னும் காதில் இரைகிற மாதிரி உரக்கச் சொன்னார், "பம்பாய். விட்டாச்சு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். பிற்பாடு வீரபாண்டியிலேயே ஒரு சாயப்பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அன்று அதையெல்லாம் யார் நினைத்தார்கள்? பெஞ்சில் இருந்த ராவுத்தர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மொதலாளி, உங்க சீமை மெசினு இந்த ரூமுக்குள்ள இருந்துதானுங்க கட்டளை கேக்கும், இவரு பம்பாய்ல இருந்தே கேட்டுட்டு வந்து நிக்கறாரு பாருங்க."

எல்லாரும் நினைக்கிற மாதிரி இல்லை, அந்த மனிதருக்கு நான் மனசறிந்து போட்ட கட்டளை வாழ்க்கையில் அந்த "வா" ஒன்றுதான். மற்றதெல்லாம் மெசினுக்குப் போட்டது, அவர் பாவம் குறுக்கே நின்றிருந்தார்.